ரத்தம் கண்டு மயங்கும் ரத்தக்காட்டேரி: சிரிப்பு ஏன் நாலாம் அத்தியாயத்தில் செத்துப்போகிறது?

#1 கூழ்க்கரண்டி

சிரிப்பும் மாயமுமான சாகச நாவல். 12 வயதுக்கு மேல் யாரும் படிக்கலாம். எந்தக் கூட்டத்திலும் சேர்த்துக்கொள்ளாத நாலு பேய்கள் ஒன்றுகூடிப் பயணம் போகின்றன. ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும் ரத்தக்காட்டேரி, உயரம் என்றால் நடுங்கும் வேதாளம், இருட்டுக்குப் பயப்படும் கொள்ளிவாய்ப் பிசாசு, ஒல்லியாகப் போய்விட்ட பூதம்.

திட்டம் 60,000 சொல், 30 அத்தியாயம். 11 முடிந்திருக்கிறது, ஏறத்தாழ 22,000 சொல். முதல் மூன்றைப் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். அதற்குமேல் கதை ஓடுகிறதாம், சிரிப்புதான் வரவில்லையாம். எங்கே பிசகுகிறது?

#2 முருங்கைக்கிளை

நாலு பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். காட்டேரியா, ரத்தம் ஆகாது. வேதாளமா, உயரம் ஆகாது. பிசாசா, இருட்டு ஆகாது. இரண்டாவது ஆள் வந்ததுமே வாசகருக்குச் சூத்திரம் பிடிபட்டுவிடும். நாலாவது ஆள் வாயைத் திறப்பதற்குள் அவரே நகைச்சுவையைச் சொல்லி முடித்திருப்பார்.

அதைவிடப் பெரிய சிக்கல், ‘ஆகாது’ என்பது ஆளை நிறுத்திவைக்கும், நகர்த்தாது. காட்டேரி மயங்கி விழுந்தால் காட்சி அங்கேயே படுத்துவிட்டது. மற்ற மூவரும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டாம் தடவை விழுந்தாலும் அதே தண்ணீர்தான்.

விக்கிரமாதித்தன் கதை வேதாளத்தைப் பாருங்கள். ராஜா வாயைத் திறக்காமல் சுமந்துவர வேண்டும். வேதாளம் கதை சொல்லிக் கேள்வி போடும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் திரும்ப முருங்கை மரம். அந்த வேதாளத்துக்குக் குறை ஒன்றும் இல்லை. கேள்வி கேட்கிற புத்திதான் கொஞ்சம் கூடிப்போயிருக்கிறது. இரண்டு விதி முட்டிக்கொள்வதிலேயே இருபத்தைந்து கதை ஓடிவிடுகிறது.

ஆளுக்கு ஒரு தாள் எடுங்கள். அந்தக் குணத்தால் வம்பு வரக்கூடிய 20 இடங்களை எழுதுங்கள். கல்யாண வீடு, சிறை, சாவு வீடு, பரிசல்காரரிடம் சில்லறை இல்லாத நேரம், இந்த மாதிரி. எட்டைத் தாண்டாமல் பேனா நின்றால் அந்தக் குணம் சிறுகதைக்குத்தான் தாங்கும்.

#3 பரணிப்பித்து

குறையைவிடக் கூடுதல்தான் சிரிப்பு என்பதற்குக் கலிங்கத்துப்பரணியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கருணாகரத் தொண்டைமான் முதலாம் குலோத்துங்கனுக்காகக் கலிங்கத்தை வென்றதைப் பாடும் நூல், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஆனால் போர் அதில் ஒரு பங்குதான். மீதியில் பாதிக்கு மேல் காளியும் அவளுடைய பட்டினிப் பேய்களும்தான். போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் காய்ச்சுகின்றன. விழுந்தவர்களின் பல்தான் அரிசி, முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை.

பரிமாறும் இடத்துக்கு வாருங்கள். வரிசையில் ஒரு சமணப் பேய் உட்கார்ந்திருக்கிறது. உயிர்க்கொலை ஆகாது என்பது அதன் நோன்பு, சாப்பாடும் ஒருபொழுதுதான். அதனால் அதற்கு ஊற்றும்போது மயிர் கிடக்கிறதா என்று பார்த்து, துணியில் வடிகட்டி ஊற்றச் சொல்கிறார் நூலாசிரியர் ஜெயங்கொண்டார். வடிகட்டுகிற துணி எது? நிணம். கொழுப்புப் படலமே துணி.

‘கூழ் பிடிக்காத பேய்’ என்று அவர் எழுதியிருந்தால் ஒரு வரியில் தீர்ந்திருக்கும். இது நோன்பையும் விடவில்லை, பந்தியையும் விடவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குத்தான் சிரிப்பு வருகிறது. உங்கள் காட்டேரியிடம் அந்தப் பிடிவாதம் எங்கே?

#4 ஒற்றைக்கொம்பு

உதாரணம் சரி. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட வேண்டாம். அது வென்றவன் அவையில் பாடிய பாட்டு, அடுத்த சமயத்தாரைக் குத்துகிற சிரிப்பு. அதே நூலில் நொண்டி, குருடு, ஊமை என்று பேய்களை வரிசைகட்டி நிறுத்தும் இடமும் உண்டு. ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிய நாவலில் அந்தச் சிரிப்பை அப்படியே இறக்கினால், நாவலாசிரியர் ஒதுக்கியவர்கள் பக்கம் நின்று சிரிக்கிறார் என்றுதான் ஆகும்.

ஆனாலும் அந்த வரிசையில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஒரு பேய்க்கு ஒரு கண் போனதற்கு அங்கே காரணம் சொல்லப்படுகிறது. முன்னொரு நாள் சக்கரக்கோட்டத்து வெற்றியில் குருதியும் குடலும் போட்டுக் காய்ச்சிய கூழ் கொதித்துத் தெறித்துவிட்டது. அதாவது சமையல்கட்டு விபத்து! அந்த ஒரு காரணத்தில் பேய்க்கு ஒரு பழைய பந்தியும், அடுப்படியில் முண்டியடித்த அவசரமும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. கண் போனதில் சிரிப்பு இல்லை. அடுத்த பந்தியிலும் அது அடுப்புக்குப் பக்கத்திலேயே இடம் பிடிக்கும் என்று நமக்குத் தோன்றுகிறதே, அதில் இருக்கிறது.

உங்கள் ஒல்லிப் பூதம் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. ஒல்லி என்பது உருவம். அதற்கு ஆசையும் இல்லை, காரணமும் இல்லை. எடுத்துவிடலாம்.

#5 கூழ்க்கரண்டி

20 இடம் சோதனையில் காட்டேரி 7, வேதாளம் 5, பிசாசு 6, பூதம் 2. நாலு பேரும் தேறவில்லை. பிசாசையும் பூதத்தையும் எப்படி மாற்றலாம்? காட்டேரியை விட மனசில்லை.

#6 வேப்பெண்ணெய்

பிசாசு சுலபம். இருட்டுப் பயத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பெயரிலேயே இருக்கிற நெருப்பை விதியாக்குங்கள். வாய் திறந்தால் தீ, மூடினால் இருட்டு. வேறெதுவும் வேண்டாம்.

இப்போது நாலு பேரும் நடுராத்திரி கோட்டைக்குள் பதுங்கிப் போகிறார்கள். வழி தெரிந்த ஒரே ஆள் பிசாசு. அது “இடப்பக்கம்” என்று சொன்னால் மதில் காவலர் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். குசுகுசுக்க முடியாது, கொட்டாவி விட முடியாது, வைக்கோல் வண்டியில் ஒளிய முடியாது. படுத்தால் குறட்டை, குறட்டை விட்டால் கூரை. ஓலைக்குடிசையில் அதற்கு யார் இடம் கொடுப்பார்கள்? ஊர் ஏன் அதை ஒதுக்கியது என்று தனியாக ஒரு சோக அத்தியாயம் எழுதவே வேண்டாம்.

எழுதும் முன்பு விதித்தாள் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

அளவு: சாதாரணப் பேச்சுக்கு ஒரு சாண் தீ, கத்தினால் ஒரு முழம், விக்கலுக்கு வெறும் பொறி. அணைப்பது: ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் அரை நாழிகைக்கு, அதாவது 12 நிமிடம், தீ வராது. விலை: அந்த 12 நிமிடமும் குரலும் வராது. விலக்கு: ஒன்றே ஒன்று. எது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், கடைசி மூன்று அத்தியாயத்துக்குள் மட்டும் பயன்படுத்துங்கள்.

விலை என்ற வரியை விட்டுவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். செம்புத் தண்ணீரில் சிக்கல் தீர்ந்துவிடும் என்றால் வாசகர், ‘எல்லா இடத்துக்கும் குடத்தோடு போகவேண்டியதுதானே’ என்று கேட்பார், நியாயமாகவே. அதேபோல 6ஆம் அத்தியாய மழையில் தீ அணைந்து, 17ஆம் அத்தியாயத்தில் ஆற்றில் நீந்திக்கொண்டே அது பந்தம் பிடித்தால் புத்தகத்தை மூடிவிடுவார்கள். சிரிப்புக் கதையில் விதிமீறல் மற்றக் கதைகளைவிடச் சீக்கிரம் கண்ணில் படும், ஏனென்றால் சிரிப்பே அந்த விதியில்தான் தொங்குகிறது.

#7 பரணிப்பித்து

பூதத்துக்குப் புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் இருக்கிறதே. சிலப்பதிகாரம் அதற்கு வேலை விவரமே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆறு வகைக் குற்றவாளிகள்: தவ வேடம் போட்டுத் தவறு செய்பவர், மறைவில் ஒழுக்கம் கெட்ட பெண்டிர், அறம் தவறிய அமைச்சர், பிறர் மனைவியை விரும்புபவர், பொய்ச்சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர். இவர்கள் தன் பாசக்கயிற்றில் அகப்படுவார்கள் என்று நாலு காதம் கேட்கக் கத்தும். பிடித்தால் புடைத்துத் தின்னும்.

இந்தப் பட்டியலை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கும் ஒரு பூதத்தை உங்கள் கூட்டத்தில் விடுங்கள். ஊருக்குள் நுழைந்து புறங்கூறுபவரைப் பிடிக்க ஆரம்பித்தால் மாலைக்குள் தெருவே காலி. அதனால்தான் எந்த ஊரும் அதை வைத்துக்கொள்ளவில்லை. அது ஒல்லியானதற்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது: சாட்சி, விசாரணை, நிரூபணம் எல்லாம் முடிந்த பிறகுதான் தின்னும், அதற்குள் ஆள் ஓடிவிடுகிறான்.

பட்டியலில் இரண்டாவது வகையை இன்றைய நாவலுக்கு அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே சொல் தேய்ந்து படிக்க முடியாமல் போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பூதம் தன் ஓலையில் அந்த ஒரு வரி என்ன என்று கதை முழுக்க எல்லாரிடமும் காட்டிக் கேட்டுக்கொண்டே வரலாம்.

இன்னொன்று, கூட்டத்துக்குள்ளேயே வம்பு. காட்டேரி ஊர்க்கதை பேசுகிற ஆள் என்றால் அதுவும் புறங்கூறுதல்தான். பூதம் ராத்திரிதோறும் கயிற்றை எடுத்து அளந்து பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைக்கும்.

#8 சுடுகாட்டுநரி

விழுந்து எழும் நகைச்சுவை பற்றி யாரும் பேசவில்லை. சாகச நாவலில் பாதி அதுதான், தமிழில் பெரும்பாலும் சொதப்புவதும் அதுதான். ‘தொப்பென்று விழுந்தது’, ‘டமார் என்று மோதியது’ என்று ஒலியை எழுதிவிட்டுச் சிரிப்பு வரும் என்று காத்திருப்பார்கள்.

காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகத்தில் ஒரு பேய்ப்பெண் வருகிறாள். கள்ளிக் கவட்டில் காலை நீட்டிக்கொள்கிறாள். எரிகிற கொள்ளி ஒன்றை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறாள். வெடுக்கென்று சிரிக்கிறாள். பிறகு மிரண்டு அக்கம்பக்கம் பார்த்துத் துள்ளுகிறாள். துள்ளிய இடத்தில் சுடலைத் தீ சுட்டுவிடுகிறது. முகம் சுளித்து, புழுதியை அள்ளிப்போட்டு அணைக்கப் பார்க்கிறாள். அவ்வளவும் ஒரே பாட்டு.

எண்ணிப் பாருங்கள், ஆறு செயல். ஒன்று அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. அலங்காரத்தில் ஆரம்பித்துத் தீயணைப்பில் முடிகிறது. நடுவில் ‘பாவம்’, ‘வேடிக்கை’ என்ற விமரிசனச் சொல் ஒன்றுகூட இல்லை. அவள் முழு மனசோடு மை தீட்டுவதால்தான் மற்றது எடுபடுகிறது.

உங்கள் சண்டைக் காட்சிகளில் இதைச் செய்து பாருங்கள். ஒரு விபத்துக்கு நாலிலிருந்து ஆறு செயல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைச்சொல். அடைமொழியை எல்லாம் வெட்டுங்கள். இரண்டாவது செயலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ‘ஆனால்’ போடத் தோன்றினால் தொடர்பு அறுந்திருக்கிறது. ‘அதனால்’ என்று படித்தால் பொருந்த வேண்டும்.

#9 ஒற்றைக்கொம்பு

காட்டேரியை விட மனசில்லை என்றீர்கள். விட வேண்டாம், வேலையை மாற்றினால் போதும். மயங்கி விழுவதை எழுதாதீர்கள். விழுந்துவிடக் கூடாதே, மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று அது படுகிற பாட்டை எழுதுங்கள்.

வழக்கமாக வருவது இப்படி:

‘“ஐயோ! ரத்தம்!!!” என்று அலறிய காட்டேரி, ரத்தத்தைக் கண்டால் மயங்கும் சுபாவம் உடையதாகையால், தொப்பென்று விழுந்தது. இதைக் கண்டு அனைவரும் விழுந்து விழுந்து சிரித்தனர்.’

காரணத்தை விளக்கிவிட்டார், ஆச்சரியக்குறி மூன்று போட்டுவிட்டார், வாசகருக்குப் பதிலாகப் பாத்திரங்களையே சிரிக்கவும் வைத்துவிட்டார். நமக்கு மிச்சம் எதுவும் இல்லை. இப்படிப் போகலாம்:

“காயம் பெரிசா?” என்று காட்டேரி சுவரைப் பார்த்தபடி கேட்டது.

“சின்னதுதான்.”

“என்ன நிறம்?”

“எது?”

“சும்மா கேட்டேன். பச்சைன்னு சொல்லேன்.”

இந்தக் காட்டேரி ஓடும், பொய் சொல்லும், கண்ணைக் கட்டிக்கொண்டு கடிக்கப் பழகும், சந்தையில் பீட்ரூட் விற்பவரிடம் தகராறு பண்ணும். 7 என்பது சுலபமாக 20ஐத் தாண்டும்.

#10 முருங்கைக்கிளை

#9க்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த ஒரு ஆளோடு ‘பயம்’ வகையை நிறுத்துங்கள். வேதாளத்துக்கும் உயரப் பயத்தை வைத்திருந்தால் திரும்ப #2இல் வந்து நிற்போம். அதைக் கேள்வி கேட்கிற ஆளாகவே விட்டுவிடுங்கள். வாக்கியத்தைக் கேள்வியாக மட்டுமே முடிக்கத் தெரியும். “தீப்பிடிச்சிருக்கா?” என்று கேட்டால் அது தகவல் கேட்கிறதா, எச்சரிக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. பிசாசு பக்கத்தில் இருக்கும்போது இது தினசரிப் பிரச்சினை.

கவனித்தீர்களா, பேச்சுநடை விதியிலிருந்தே வந்துவிட்டது. பிசாசுக்கு ஒவ்வொரு சொல்லும் தீ, ஆகவே இரண்டு சொல்லுக்கு மேல் பேசாது. பூதம் ஓலையைப் படிப்பதுபோலச் செந்தமிழ். வேதாளம் கேள்வி. காட்டேரி மட்டும் சாதாரணப் பேச்சு, அதுவும் நிறைய. ‘என்றது பூதம்’, ‘என்றது காட்டேரி’ என்பதைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் சரி.

வட்டார வழக்கை வைத்துச் சிரிக்க வைக்கும் பழக்கம் வேண்டாம். பூதத்தை மற்றவர்கள் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டால் அந்த நெல்லைப் பேச்சு கடைசிவரை நிற்க வேண்டும். பத்தாம் பக்கத்தில் ‘ஏனுங்க’ வந்தால் கோயம்புத்தூர்க்காரருக்கும் கோபம், திருநெல்வேலிக்காரருக்கும் கோபம்.

#11 அச்சுக்கோப்பு

நீளம் பற்றி. 1/8 டெம்மி, அதாவது வழக்கமான நாவல் புத்தக அளவில் பக்கத்துக்குச் சுமார் 220 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60,000 சொல்லுக்கு 273 பக்கம். அத்தியாயம் தோறும் புதுப் பக்கம் என்றால் காலியிடமே 15 பக்கம் தின்னும், முகப்புக்கு 8. கூட்டினால் 296. ஃபாரம் என்பது ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் 16 பக்கம், ஆக 19 ஃபாரம், 304 பக்கம். 12 வயது வாசகர் கையில் இது கனம்.

41,500 சொல், 22 அத்தியாயம் என்று இறக்குங்கள். 189 பக்கம், காலியிடம் 11, முகப்பு 8, மொத்தம் 208. சரியாக 13 ஃபாரம், ஒரு தாளும் வீணில்லை.

எல்லா அத்தியாயமும் 2,000 சொல் என்பதும் உங்கள் நாவலை மந்தமாக்குகிறது. சிரிப்புக்கு வேகம் மாற வேண்டும். பயண அத்தியாயம் 1,200இல் முடியட்டும், கோட்டைக்குள் நுழையும் இரவு 3,500 போகட்டும். ஒரு அத்தியாயம் அரைப் பக்கம் மட்டும் இருந்தாலும் குற்றமில்லை. பிசாசு சொல்கிற அத்தியாயம் அப்படித்தானே இருக்க முடியும்?

#12 கூழ்க்கரண்டி

பிசாசு சொல்கிற அரைப்பக்க அத்தியாயம் பட்டியலில் ஏறிவிட்டது. இன்னொரு சிக்கல். கதைசொல்லி பேய்களை ‘அது’ என்பதா, ‘அவன்’, ‘அவர்’ என்பதா? 11 அத்தியாயத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

#13 பரணிப்பித்து

முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நன்னூல் கணக்கில் மக்கள், தேவர், நரகர் மூவரும்தான் உயர்திணை. ‘பேய் வந்தது’ என்றுதான் நம் வாயில் வரும். ஊர் இவர்களை என்னவாக நினைக்கிறது என்பது அந்த ‘து’வில் இருக்கிறது. சட்டம் பேசும் பூதம் இதை விடுமா? ‘நரகர்’ என்ற சொல்லைக் காட்டி, தனக்கும் உயர்திணை விகுதி தர வேண்டும் என்று பரிசல் துறையில் வழக்காடட்டும்.

#14 ஒற்றைக்கொம்பு

வழக்காடலாம், ஆனால் தோற்கட்டும். ஊர்க்காரர் பேச்சில் ‘அது’. நால்வரும் தங்களுக்குள் ‘அவன்’, ‘அவ’, ‘அண்ணாச்சி’. கதைசொல்லி ஊரோடு சேர்ந்து ‘அது’ என்றே ஆரம்பிக்கட்டும். எந்த இடத்தில் மாறுகிறார் என்று முடிவு செய்யுங்கள். அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம். கோட்டைக் காட்சி முடிந்து, பரிசல்காரர் சில்லறை வாங்கும்போது “மூணு பேரு ஏறிட்டாங்க, பூதத்தார் இன்னும் வரல” என்று சொன்னால் போதும். அடுத்த வரியிலிருந்து கதைசொல்லியும் ‘வந்தார்’ என்று எழுதலாம்.

#15 அச்சுக்கோப்பு

அதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பிறகு கணினியில் ‘அது’வைத் தேடி ‘அவர்’ என்று மாற்றினால் ‘அதுவரை’ எல்லாம் ‘அவர்வரை’ ஆகும், ‘வந்தது’ அப்படியே நிற்கும். வினைமுற்று ஒவ்வொன்றையும் கையால்தான் திருத்த வேண்டும். எழுதி முடித்த 22,000 சொல்லில் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்றால் ஆறு நாளில் முடியும். ‘அதன்’, ‘அதற்கு’, ‘அவை’, ‘அவற்றின்’ இந்த நாலையும் தனித்தனியாகத் தேடுங்கள். தப்பிப்போவது பெரும்பாலும் ‘அவற்றின்’தான்.